எரிய மறுத்த அடுப்பு

சாண எரிவாயுக் குழி கட்டி முடித்ததும் அக்கம்பக்கமே வந்து எட்டிப் பார்த்தது. அடுப்பு மட்டும் எரியவில்லை. நான் தினமும் கொட்டகைச் சாணியைக் கூடை கூடையாய் அள்ளி, தொட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, குழிக்குள் தள்ளினேன். போட்டதையெல்லாம் தின்றது குழி. திருப்பித் தரத்தான் அதற்கு மனசில்லை.

முதலாளியை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் முடிவாய்ச் சொல்லிவிட்டார். "அடுப்பு எரிஞ்சாதான் மீதி மானியம் வரும். இல்லைன்னா மாடுகளை வித்துடுவேன். சனிக்கிழமை தரகர் வர்றாரு."

மாடு போனால் எனக்கு அங்கே என்ன வேலை? இந்த வயசில் எவன் கூப்பிடுவான்? 

பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் அண்ணியைச் சீண்டுவார். "என்னம்மா, இன்னிக்கும் விறகுதானா? சாணிச் சமையல் நாறும்னு நான் சொன்னேனா இல்லையா?" அண்ணி விறகை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

குழி கட்டிய மேஸ்திரியை அண்ணன் கோபமாக வரவழைத்தார். மேஸ்திரி குழாயைத் தடவிப் பார்த்தார், வால்வைத் திருகிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் கரைக்கிற தொட்டியில் குனிந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது மாட்டுக் கொட்டகையா, ஆஸ்பத்திரியா?"

அண்ணியின் முகம் சுருங்கிப்போனது. "நாறுதுன்னு யாரும் சொல்லக் கூடாதேன்னு நான்தான் விடியக்காலையில தொட்டியில பீனாயில் ஊத்துவேன்."

"எவ்வளவு?"

"தாராளமாத்தான்."

அந்த வாசனை கழுவின தரையிலிருந்து வருகிறது என்றே நான் நினைத்திருந்தேன்.

"சாணியில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கும்மா. அதுங்கதான் கேஸ் உண்டாக்குது. நீங்க சாப்பாட்டையும் போட்டு, கூடவே விஷத்தையும் வெச்சிருக்கீங்க" என்றார் மேஸ்திரி.

அண்ணன் பொங்கினார். "வீட்டுக்குள்ள என்னைக்காவது இவ்வளவு சுத்தம் பார்த்திருக்கியா?"

"வீட்டுக்குள்ள நீங்க இருக்கீங்க. எவ்வளவு ஊத்தினாலும் போதாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கும்தான்.

பழசை இறைத்துவிட்டு, எரிந்துகொண்டிருக்கும் வேறொரு குழியின் கரைசலைத் தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் ஊற்ற வேண்டும் என்றார் மேஸ்திரி. குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்றும் கறாராய்ச் சொன்னார். மேலிருந்தே வாளி கட்டி இறைத்தோம். அண்ணியும் சேலையைச் செருகிக்கொண்டு கயிறு பிடித்தார். என் இடுப்பு விட்டுப்போயிற்று.

சனிக்கிழமை தரகர் வந்தபோது அண்ணி சாணிக் கையோடே வாசலுக்குப் போனார். "மாடு விக்கிறதா இல்லைங்க. வீணா அலைய வெச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க." அண்ணன் வாளியை மறுபடி குழிக்குள் இறக்கினார்.

உறைக் கரைசலையும் ஊற்றியானது. அதற்குப்பின் காத்திருப்புதான். முதலில் வந்த வாயுவில் நெருப்புப் பற்றவில்லை. அப்படித்தான் இருக்கும், வெளியே விட்டுவிடுங்கள் என்றார் மேஸ்திரி. அடுத்த வாரம் அண்ணி தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். பக்கென்று நீலமாய்ப் பிடித்துக்கொண்டது. அண்ணி குனிந்து மோந்து பார்த்தார். ஒரு நாற்றமும் இல்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் சுற்றிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றார். "என்கிட்ட நாலு மாடுதான் இருக்கு. பத்துமா?"

"தாராளமா. மேஸ்திரியை அனுப்பி வைக்கிறேன்" என்றார் அண்ணன்.

"அப்படியே உங்க ஆளையும் அனுப்புங்களேன், சாணி கரைக்க."

"அவரை மட்டும் கேக்காதீங்க" என்றார் அண்ணி. "அவருக்கு இங்கேயே வேலை இருக்கு."