இடப்பக்கப் புலி

என்னுடைய தவற்றால் எங்கள் காட்டில் ஒரு புலி கூடிவிட்டது.

புலிக் கணக்கெடுப்புக்காகப் பாதையின் ஒரு பக்க மரத்தில் மட்டும் கேமராவைக் கட்டியிருந்தேன். திங்கட்கிழமை இடப்பக்க வரிகள் பதிவாயின. வியாழக்கிழமை வலப்பக்க வரிகள். எந்தப் புலிக்கும் இரு பக்க வரிகளும் ஒன்றாக இருப்பதில்லை. இதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். ஆனாலும் அவசரத்தில் இரண்டு புலிகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இருந்தது ஒரே ஒரு பெண்புலி; போகும்போது ஒரு பக்கத்தையும் திரும்பும்போது மறுபக்கத்தையும் காட்டியிருக்கிறது.

திருத்தம் கொடுக்க வன அலுவலகத்துக்குப் போனேன். வாசல் பெஞ்சில் அந்தப் புலி உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் ஒரு டோக்கன். எண் ஏழு. எனக்கு எட்டு கொடுத்தார்கள்.

உள்ளே ஒரே நாற்றம். இல்லாத புலிக்கும் தினம் மாட்டிறைச்சி வருகிறது. தின்ன ஆளில்லாததால் கோப்பு அலமாரிகளில் அடுக்கியிருந்தார்கள். கீழ்த்தட்டிலிருந்து புழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எழுத்தர் செண்பகவல்லி பக்கத்திலேயே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாதத்தில் விழுந்த புழுவைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, ரேஞ்சர் அறை நேராக என்று கைகாட்டினார். நடக்க நடக்க நடைவழி நீண்டது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன்.

ரேஞ்சர் இருதயராஜிடம் புலி ஒன்றுதான் என்றேன்.

“கணக்கு மேல போயாச்சு சார். இனி கூட்டலாம். குறைக்க முடியாது.”

கணக்கைச் சரிக்கட்டத்தான் ஏற்பாடு நடக்கிறது என்றார். டாக்டர் வந்துவிட்டாராம். புலியை நீளவாக்கில் பிளந்து, இடது ஒன்று, வலது ஒன்று என்று காட்டிவிடுவார்களாம். ஜன்னல் வழியே பார்த்தேன். புலியின் நெற்றியிலிருந்து வால்வரை ஒருவர் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு கோணாமல் வரட்டும் என்று அது அசையாமல் இருந்தது. அவர்கள்மேல் வந்த அருவருப்பைவிட எனக்கு என்மேல் அதிகம் வந்தது.

“செத்துப்போயிருமே சார்,” என்றேன்.

“செத்தா என்ன? ரெண்டு இருக்கும்ல.”

இரண்டாவது புலியாக நானே இருந்துகொள்கிறேன் என்றேன். அவர் மணியடித்தார்.

செண்பகவல்லி வந்து என்னை இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம் எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்தில் இல்லை.

“நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. மச்சம் உள்ளவர் புலியாப் போங்க. மத்தவர் வேலையப் பாருங்க.”

மச்சம் உள்ளவன் நான்.

புலியின் முதுகுக் கோட்டை ஈரத்துணியால் துடைத்தார்கள். அதன் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, அலமாரி இறைச்சியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். எல்லாம் என் பெயருக்கு வந்ததாம். தின்றேன். பல்லிடுக்கில் புழு நெளிந்தது. புலி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மச்சமில்லாதவன் குறிப்பேட்டோடு வெளியே வந்தான். இந்த முறை அவசரப்படவில்லை. பெஞ்சைச் சுற்றி வந்து எங்களை இரு பக்கமும் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டு என்று எழுதினான்.