மல்லாந்து விழுந்த ஆமை

சர்வதேச விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவுக்கு முதல் நாள், போனில் தங்கையிடம் அண்ணனுக்கு ஒரே அலட்டல்.

"நாளைக்கு மைதானத்துல நானும் இருக்கேன். எங்க இருக்கேன்னு கண்டுபிடி பார்க்கலாம், வாலு."

"கொடி பிடிக்கிறியா?"

"சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? கண்டுபிடிச்சுட்டா நீ கேட்டதை வாங்கித் தரேன்."

மறுநாள் தான் வேலை பார்க்கும் டிவி அலுவலகத்தின் ஆன்லைன் பிரிவில் உட்கார்ந்து நேரலையைப் பார்த்தபோது, அவளுக்கு ஒரு கண் வேலையிலும் ஒரு கண் அண்ணனைத் தேடுவதிலும். கொடி பிடித்தவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள், நாற்காலி தூக்கியவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. பச்சை ஆமைப் பொம்மைக்குள் இருப்பது அவன்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முகத்தையே மூடிக்கொண்டால் எங்கே போய்த் தேடுவது!

போட்டியின் சின்னமான அந்த ஆமைக்கு வந்த நாளிலிருந்தே கெட்ட பெயர். மைதானத்தைக் கட்டி முடிக்காமல் இழுத்தடித்த நாட்டுக்குப் பொருத்தமான பிராணிதான் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் நக்கலடித்தன. உள்ளூர்க்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? ஒரு படி மேலே போய்ச் சொந்த நாட்டையே கிழி கிழி என்று கிழித்தார்கள். ஊரே சிரிக்கும்போது நாம் பின்தங்கிவிடுவோமோ என்பதுதான் அவளுடைய எடிட்டரின் ஒரே கவலை.

அணிவகுப்பின் நடுவே, கொளுத்தும் வெயிலில், ஆமை தள்ளாடி மல்லாந்து விழுந்தது. கையால் தரையைத் தட்டியது. நிறுத்தியது. மறுபடி தட்டியது.

"அந்தக் காட்சியை வெட்டி எடு! மத்தவங்க போடறதுக்குள்ள நாம போடணும்!" என்று எடிட்டர் கத்தினார்.

அவள் வேலையில் கெட்டிக்காரி. தட்டல் மூன்று மூன்றாக விழுவதைக் கவனித்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மேள அடி வைத்தாள். கடைசியில் கை தளர்ந்து தாளம் தப்பிய இடம் நன்றாக இல்லை, அதைக் கத்தரித்துவிட்டாள். 'எங்கள் நாடு எழுந்திருக்கும், கொஞ்சம் பொறுங்கள்' என்று வீடியோவின் மேலே எழுதி இணையத்தில் போட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் உலகமே சிரித்தது.

அப்போதுதான் அண்ணி போன் செய்தாள். "அண்ணனை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. சீக்கிரம் வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி நடையில், ஆமைக்குத் துணையாக வந்த ஆள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லித்தான் பொம்மைக்குள் யார் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

"பொம்மைக்குள்ள இருக்கறவங்க பேசக்கூடாதும்மா, குழந்தைங்க பயந்துடுமாம். தலையை உள்ளேயிருந்து கழட்டவும் முடியாது. மூச்சு முட்டினா தரையில மூணு தட்டு, நிறுத்தி மறுபடி மூணு. நான் ஓடிப்போய்க் கழட்டணும். பெரிய மனுஷன் யாரோ வர்றார்னு என்னை வாசல்லயே நிறுத்திட்டாங்க. தட்டிக்கிட்டே இருந்தாரும்மா, தட்டிக்கிட்டே இருந்தாரு!"

அந்தத் தட்டல் அவளுக்கு மனப்பாடம். தான் கத்தரித்துப் போட்டது என்ன என்று இப்போது புரிந்தது.

டாக்டர் வெளியே வந்தார். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அண்ணி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலையில சிரிச்சுக்கிட்டே போனாரே! நான் எங்க ஒளிஞ்சாலும் என் தங்கச்சி கண்டுபிடிச்சுடுவான்னு சொல்லிட்டுப் போனாரே! நீ அவரைப் பார்த்தியாம்மா?"

பார்த்தாளே. ஒவ்வொரு தட்டையும் நிறுத்தி நிறுத்தி, உலகத்தில் வேறு யாரும் பார்க்காத அளவுக்குப் பார்த்தாளே.

"பார்த்தேன் அண்ணி" என்று சொல்ல வாயெடுத்தாள். நடையின் கோடியில் யாருடைய போனிலோ மேளம் மூன்று அடி அடித்து நின்றது. மறுபடி மூன்று. யாரோ சிரித்தார்கள்.