குங்குமம் வைத்த எலிகள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலையில் விலங்கு அறையைத் திறந்த காந்திமதி வாசலிலேயே நின்றுவிட்டாள். எலிகளுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள்.

நெற்றியில் இல்லை. ஒவ்வொரு வெள்ளை எலியின் பின்னங்காலிலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சட்டத்தின் மேல் சந்தனம் தீற்றி, நடுவில் குங்குமம். கூண்டுகளைப் பளிச்சென்று கழுவி அடுக்கியிருந்தது. தராசுக்கு ஒரு முழம் கதம்பம். பூஜையில் மிஞ்சிய பொரி எலிகளுக்கும் கிடைத்திருந்தது; மீசையில் சந்தனத்தோடு அவை அதை மும்முரமாகக் கொறித்துக்கொண்டிருந்தன.

தாம்பரம் சானடோரியத்தில் ரயிலை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் வரும் சின்ன ஆராய்ச்சி நிலையம் அது. ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து வரும் காந்திமதி, முறிந்த எலும்பு எப்படிக் கூடுகிறது என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தாள். எலிக்கு மயக்க மருந்து கொடுத்துத் தொடை எலும்பை முறித்து, ஒரு சட்டத்தால் வெளியிலிருந்து பிடித்து நிறுத்த வேண்டும். எண்பத்தொன்பதில் அப்படிச் சுண்டுவிரல் அளவுச் சட்டத்தை வெளிநாட்டுப் புத்தகத்தில் படமாகப் பார்க்கலாமே தவிர வாங்க முடியாது. அவளே செய்துகொண்டாள். எலும்புக்குள் போகிற நான்கு ஊசிகள், அவற்றின் வெளிமுனைகளை இணைக்கப் பல்செட் செய்கிற இளஞ்சிவப்பு மாவால் ஒரு பாலம். பாதி எலிகளுக்குப் பாலத்தின் உள்ளே சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பித் துண்டு; அது இம்மியும் அசையாது. மீதிப் பாதிக்கு ஸ்வெட்டர் பின்னும் பிளாஸ்டிக் ஊசியின் துண்டு. எலி நடக்கும்போது கொஞ்சமே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அந்தக் கொஞ்ச அசைவு இருந்தால்தான் எலும்பு நன்றாகக் கூடும் என்பது காந்திமதியின் கட்சி.

வெளியே பார்த்தால் இரண்டு சட்டமும் ஒன்றுதான். எனவே கம்பி வைத்ததன் மேல் ஒரு துளி சிவப்பு நெயில்பாலிஷ் வைத்திருந்தாள். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் இல்லை. இப்போது எல்லாவற்றின் மேலும் சிவப்பு.

"குப்புராஜண்ணா!"

விலங்கு அறையைப் பார்த்துக்கொள்ளும் குப்புராஜ் நெற்றியில் திருநீறோடு, கையில் தீவன வாளியோடு சிரித்துக்கொண்டே வந்தார். பெருங்களத்தூர்க்காரர், எந்த வேலையையும் அரைகுறையாக விடமாட்டார்.

"எப்டி கீது மேடம்? சும்மா கோயிலாட்டம் இல்ல?"

"எலிக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா?"

"எலிக்கு யாரு வெச்சா? ஸ்டாண்டுக்கு வெச்சேன். நீங்க ராவும் பகலும் அதத்தானே கட்டிகினு அழுவறீங்க? தராசு ஆயுதம்னா அதுவும் ஆயுதம்தானே?"

"அது மேல முன்னாடியே ஒரு சிவப்புப் புள்ளி இருந்துச்சே?"

"கொஞ்சத்துல இருந்துச்சி. கறைனு நென்ச்சி, அசிட்டோன்ல பஞ்ச நனைச்சித் தொடச்சிட்டேன். கறை மேலயா பொட்டு வெப்பாங்க?"

காந்திமதி கூண்டுகள் பக்கம் திரும்பினாள். "கூண்டுல சீட்டு ஒட்டியிருந்தேனே?"

"தொட்டியில ஊறப் போட்டதும் அதுவா வந்துட்ச்சி."

"எந்த எலி எந்தக் கூண்டுல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் ஒரே மூஞ்சி மேடம். அந்த ஒத்தக்காத மட்டும் தெரியும்." காது கிழிந்த ஒரு எலியைக் காட்டினார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். "இன்னா மேடம், பேஜாரா பூட்ச்சா?"

பேஜார்தான். முதல் தொகுதி எலிகளின் முடிவை ஆய்வு வழிகாட்டி ராஜகோபாலன் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார். "எந்த எலிக்கு எந்தச் சட்டம்னு தெரிஞ்சுக்கிட்டே எக்ஸ்ரே பார்க்கிறே. உனக்கு வேண்டிய எலிக்கெல்லாம் எலும்பு நல்லா வளர்ந்த மாதிரித் தெரியும்மா. உன் மேல தப்பில்லை, கண்ணு அப்படி" என்றார். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இந்தத் தொகுதியும் போனால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். ஆய்வேடு அத்தோடு சரி. பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்கும் உறவுக்காரர்களிடம் 'இன்னும் படிச்சிட்டிருக்கா' என்று அம்மா சொல்லிவந்த பதிலும் தீர்ந்துவிடும்.

நேரே ராஜகோபாலன் அறைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் மேஜையில் இருந்த ஜெம் கிளிப் டப்பாவைக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். டப்பாவின் வாயில் வட்டமாகக் காந்தம். கிளிப்புகள் அதில் தாடிபோல ஒட்டிக்கொண்டு நின்றன.

காந்திமதி அந்தத் தாடியையே பார்த்தாள்.

"சார், ஸ்போக்ஸ் கம்பி காந்தத்துல ஒட்டும். பிளாஸ்டிக் ஒட்டாது. நாலு ஊசியும் காந்தம் ஒட்டாத ஸ்டீல்."

ராஜகோபாலன் முகம் மலர்ந்தது. கிளிப்புகளை மேஜையில் கொட்டி டப்பாவை நீட்டினார். "அட, அப்ப என்ன பிரச்சினை? போ, போய்ப் பார்த்து மறுபடி சீட்டு ஒட்டு."

வாங்கிக்கொண்டு கதவு வரை போனவள் நின்றாள். இப்போது பார்த்துவிட்டால் பழையபடி அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கண் கட்சி சேர்ந்துவிடும். மறுபடியும் இதே அறையில் அதே பேச்சு.

திரும்பி வந்து டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"இப்ப வேண்டாம் சார். உங்க டிராயர்லயே வச்சுப் பூட்டிடுங்க."

"ஏம்மா?"

"எது எதுன்னு இப்ப எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. படத்தை ரெண்டு பேரும் தனித்தனியாப் பார்ப்போம். அதுக்கப்புறம் காந்தம்."

அவர் டப்பாவை உள்ளே போட்டு, டிராயரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இதைத்தானேம்மா நான் அப்பவே சொன்னேன்" என்றார். சொன்னார்தான், சொன்ன விதம்தான் அவளுக்கு அப்போது பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம், எக்ஸ்ரேயில் கம்பி காட்டிக்கொடுத்துவிடாதபடி, முதலில் எலிகளை மயக்கிச் சட்டங்களைக் கழற்றினாள். ஒவ்வொரு சட்டமும் எண் போட்ட ஒரு குப்பியில். எலி வாலில் அதே எண், இந்த முறை அழியாத மையில். எக்ஸ்ரே எடுக்கிற பேபியக்காவுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. நிலையத்தில் தெரியாதவர்கள் யாருமில்லை.

"காந்தி, உண்மையைச் சொல்லு. ஒண்ணுகூடவா உனக்கு அடையாளம் தெரியல?"

"ஒத்தக்காது மட்டும் தெரியும்க்கா. அது பிளாஸ்டிக். முதல் வாரத்துலயே குதிச்சுக் குதிச்சு நடந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு."

"பந்தயம்?"

"ஒரு கிலோ மிக்சர்."

படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டி அவள் ஒருநாள் பார்த்தாள், ராஜகோபாலன் மறுநாள் பார்த்தார். முறிவைச் சுற்றிப் புது எலும்பு திரண்டிருந்தால் 'நன்று', இல்லையென்றால் 'சுமார்'. இருவர் எழுதியதும் ஏறக்குறைய ஒத்துப்போனது. ஒத்தக்காதின் படத்தில் மட்டும் அவள் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றாள். 'நன்று' என்று எழுதக் கை பரபரத்தது. எலும்பு அப்படிச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு 'சுமார்' என்று எழுதினாள். தன் பக்கத்து எலியே காலை வாரிவிட்டதே என்றிருந்தது.

பிறகு டிராயர் திறந்தது. மேஜை மேல் குப்பிகள். ராஜகோபாலன் சட்டத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் காந்தத்தின் அருகே கொண்டுபோனார். பேபியக்கா வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். குப்புராஜ் கதவருகே கை கட்டி நின்றார்.

'நன்று' வாங்கிய முதல் எலி: ஒட்டவில்லை. அடுத்ததும் ஒட்டவில்லை. 'சுமார்' ஒன்று: டக்கென்று ஒட்டிக்கொண்டது. இன்னொரு 'சுமார்': டக். காந்திமதி மூச்சை விட்டாள். இரண்டு எலிகள் மட்டும் சொல்பேச்சுக் கேட்காமல் மாறிப்போயின. மற்றவையெல்லாம் அவள் கட்சிக்கே வந்து சேர்ந்தன.

கடைசியாக ஒத்தக்காது. பேபியக்கா மேஜையருகே குனிந்தாள்.

டக்.

"மிக்சர்!" என்றாள் பேபியக்கா.

காந்திமதிக்கு முகம் சிவந்தது. நன்றாக நடந்த எலி தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று மனம் எப்போதோ அதைக் கட்சி மாற்றி வைத்திருக்கிறது. அந்த மனத்தோடுதான் முதல் தொகுதி முழுவதையும் பார்த்திருக்கிறாள்.

"சார், முதல் பேட்ச்சை ஆய்வேட்டுல சேர்க்க வேண்டாம்" என்றாள். "இது மட்டும் போதும்."

"போதும்" என்றார் ராஜகோபாலன். கிளிப்புகளை டப்பாவில் அள்ளிப் போட்டார். "ஆனா அடையாளத்தை எப்படி மறைச்சீங்கன்னு தேர்வாளர் கேட்பார். செய்முறை அத்தியாயத்துல என்ன எழுதப் போறே?"

காந்திமதி யோசித்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். "சட்டங்களின் அடையாளக் குறிகள், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஓர் ஊழியரால் நீக்கப்பட்டன."

"பிரமாதம்" என்றார் ராஜகோபாலன்.

கதவருகிலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

"இன்னா மேடம் இது? சம்பந்தம் இல்லாதவனா நானு?" குப்புராஜுக்கு நிஜமாகவே மனம் வருந்திவிட்டது. "பூஜை போட்டதே நான்தானே!"