அது அத்திப்பழக் காலமல்ல

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டது கட்டுரை. போர்ட் பிளேயரில் உள்ள ஒரு சின்னத் தமிழ்ச் சபையின் ஆண்டு மலருக்கு, ‘வேதத்தில் மரம்’ என்ற தலைப்பில் நாலு பக்கம் வேண்டுமென்று சபைச் செயலாளர் டெலானிபூர் மேடேறி வந்து என் குவார்ட்டர்ஸ் வாசலில் மூச்சு வாங்க நின்றார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். வீட்டில் முருகன் படம் மாட்டியிருக்கிறேன். “அதனாலென்ன டீச்சர், மரம் எல்லாருக்கும் பொதுதானே” என்றார். நல்ல மனிதர். மறுக்க முடியவில்லை.

கட்டுரையை நன்றாகத்தான் தொடங்கினேன். தோட்டத்தின் நடுவே, தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட ஒரு மரம். குன்றின் மேல், மனிதனை அறைவதற்காக வெட்டப்பட்ட ஒரு மரம். எல்லாம் முடிந்த பிறகு வரும் புது நகரத்தில், மாதா மாதம் பழுக்கிற ஒரு மரம். அதன் இலைகள் மக்களின் நோய் தீர்க்குமாம். [இலைகள். இதை அடிக்கோடிட்டு வைத்தேன். ஏன் என்று அப்போது தெரியாது.] மூன்று மரங்களை வைத்து அழகாக ஒரு வட்டம் போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் நாலாவது மரம் குறுக்கே வந்தது. அத்திமரம். இயேசுவுக்குப் பசிக்கிறது. தூரத்தில் இலை தழைத்த ஓர் அத்தி. கிட்டே போய்ப் பார்க்கிறார். இலையைத் தவிர ஒன்றுமில்லை. அது பழக்காலம் இல்லை என்று எழுதியவரே சொல்கிறார். ஆனாலும் சாபம் விழுகிறது. மறுநாள் காலையில் மரம் வேரோடு பட்டுக் கிடக்கிறது.

பக்கத்து வீட்டு அலமுவிடம் படித்துக் காட்டினேன். அவள் வீட்டுக்காரருக்கு, தெற்கே கப்பலில் போகிற இன்னொரு தீவில் உள்ள ஹட் பேயிலிருந்து மாற்றலாகி, போன வருடம்தான் இங்கே வந்தார்கள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஜெயமணியச் சொன்னது இந்த மரத்தத்தானா டீச்சர்?”

ஹட் பேயில் தன்னோடு பழகிய அந்த ஜெயமணியைப் பற்றி அன்றுதான் சொன்னாள். கட்டுரை அதோடு செத்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஹட் பேயில் மழை பெய்துகொண்டிருந்தது.

[விட்டுவிட்டேன். ஹட் பேயில் மழை பெய்யாமல் இருந்தால் அல்லவா எழுத வேண்டும்.]

இரண்டாவது முயற்சி: ஜெயமணிக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் குழந்தை

[பார்த்தீர்களா? எழுத எடுத்த கையோடு நானும் அதையே செய்கிறேன். ஒரு பெண்ணை உங்களுக்கு அறிமுகப்படுத்தும்போது அவளிடம் இல்லாததைச் சொல்லித் தொடங்குகிறேன். அந்த வாக்கியத்தை அழிக்காமல் அப்படியே விட்டு வைக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கட்டும்.]

மூன்றாவது: ஜெயமணி எண்ணெய்ப்பனைத் தோட்டத்து நர்சரியில் வேலை செய்தாள். கறுப்புப் பைகளில் வளரும் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது, களை பிடுங்குவது, ராத்திரி ஏறியிருக்கும் நத்தைகளைக் காலையில் பொறுக்கி உப்புத் தகரத்தில் போடுவது. நத்தை பொறுக்குவதில் அவளுக்கு இணை கிடையாது என்கிறாள் அலமு. சத்தமாகச் சிரிப்பாள். சுருதி சேராமல் பாடுவாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா இல்லை. ஊரில் ஓர் அண்ணன், அவனுக்கு ஏழு பிள்ளைகள், ஒரே அறை. புருஷன் நாகமுத்து அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினான். அவனுக்கு ஞானஸ்நானப் பெயர் வேறு உண்டு; கோயில் பதிவைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இதுதான் தொடக்கம். 1976 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், எனக்கும் வந்தது.

ஹட் பேயில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக் கூடம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பிரசங்கம் செய்ய ஓர் உபதேசியார். வருடத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை. அவரவர் தோட்டத்தில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து மேசையில் படைக்க வேண்டும், பிறகு ஏலம், பிறகு எல்லோரும் உட்கார்ந்து அசனச் சாப்பாடு. அருமையான வழக்கம். ஒரே ஒரு கோளாறு: பண்டிகைத் தேதி உபதேசியாரின் சொந்த ஊர்த் தேதி. அங்கே ஆவணியில் கொண்டாடினால் இங்கேயும் ஆவணிதான்.

ஆவணியில் அங்கே என்ன விளையுமோ எனக்குத் தெரியாது. இங்கே ஆவணியில் கடல் எது வானம் எது என்று தெரியாது. பூசணி பூத்தால் பூ அழுகும். கத்திரி வேர் அழுகும். யாரிடமும் எதுவும் விளைந்திருக்காது. ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போவது? எல்லோரும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி பக்கத்துக் கடைக்குப் போய், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கி, மண் ஒட்டியிருந்தால் துடைக்காமல், அப்படியே கொண்டுபோய்ப் படைத்தார்கள். கடைக்காரருக்கு எந்த மூட்டை எந்த வீட்டுக்காரர் ‘விளைச்சல்’ என்று தெரியும். உபதேசியாருக்கும் தெரியும். ஆண்டவருக்குத் தெரியாதா? கப்பல் தாமதமான வருடங்களில் ஹட் பேயில் அறுவடை பொய்த்தது.

* இதை நான் கேலிக்காக இட்டுக்கட்டினேன் என்று நினைக்கிறவர்கள், புது ஊருக்குப் போயும் பழைய ஊர்ப் பஞ்சாங்கத்தை விடாத தங்கள் வீட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும். இங்கே ஆடியில் அம்மனுக்கு மழை வேண்டிக் கூழ் ஊற்றுகிறோம். குடை பிடித்துக்கொண்டு.

ஜெயமணி அந்த வருடம் கடைக்குப் போகவில்லை. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் பசலைக்கொடி மட்டும் மழைக்குக் கொழுத்துக் கிடந்தது. அதில் ஒரு கட்டு பறித்து, வாழை நாரால் கட்டி, உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் நடுவே வைத்தாள். அந்த மேசையில் அந்தத் தீவில் விளைந்தது அது ஒன்றுதான்.

4

அசனச் சாப்பாட்டுக்காகப் போயிருந்த அலமு பின்வரிசையில் இருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்த ஐயா மொதல்ல நல்லாத்தான் பேசுனாரு டீச்சர். அப்புறம் மேசையப் பாத்தாரு. ‘உருளை வந்திருக்கு, வெங்காயம் வந்திருக்கு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இந்தா, இங்க வெறும் எல மட்டும் வந்திருக்கு’ன்னாரு. கீரக்கட்டத் தூக்கிக் காட்டுனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், சும்மா சொல்றாருன்னுதான் நெனச்சேன். அப்புறம் அந்த மரத்துக் கதைய ஆரம்பிச்சாரு. எல மட்டும் இருந்து கனி இல்லாத மரத்துக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டு, நேரா ஜெயமணியப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. பேரு சொல்லல. பேரு சொல்லணுமா? சர்ச்சே திரும்பிப் பாத்துச்சு.”

“நாகமுத்து?”

“அவன் தரையப் பாத்துக்கிட்டிருந்தான்.”

அந்த வாரமே அவளை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று நாகமுத்து முடிவு செய்தான். சபிக்கப்பட்ட மரத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவனுடைய சிநேகிதர்கள் சொன்னார்களாம். ஓய்வுக்குப் போகிறாள் என்று வெளியே சொல்லிக்கொண்டான். தீவில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கப்பலேற்றி அனுப்பிய பெண்களைத் திரும்பக் கூப்பிடுவதற்குத்தான் யாருக்கும் கப்பல் கிடைப்பதில்லை.

5

கோபத்தோடு எழுதினால் கதை கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும். இந்த இடத்தில் என் பழைய கட்டுரையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து ஒட்டுகிறேன்.

அந்த அத்திமரத்தை வேதத்தில் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர், பழக்காலம் இல்லை என்ற வரியையே விட்டுவிட்டார். சங்கடம் மிச்சம். இன்னொருவர் அதை எழுதினார். தன் குருநாதர் மேலேயே கேள்வி வரும் என்று தெரிந்தும் அடிக்காமல் விட்டார். எழுதுகிறவள் என்ற முறையில் அவருக்கு ஒரு கும்பிடு. மூன்றாமவர் சாபத்தைச் சொல்லவே இல்லை. அவரிடம் அது ஓர் உவமை. தோட்டக்காரர் எஜமானிடம், இந்த வருடமும் இருக்கட்டும், கொத்தி எரு போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சுகிறார். எஜமான் சம்மதித்தாரா, மரம் காய்த்ததா, ஒன்றும் சொல்லாமல் கதை நின்றுவிடுகிறது. நாலாமவரிடம் அத்திமரம் வெறும் நிழல். யாரோ ஒருவர் அதன் கீழே இருந்தார், அங்கே அவரை இயேசு கண்டார். காய் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரே மரத்துக்கு நாலு வரைவு. நாலையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய மனசு அது. உபதேசியார் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சாபத்தை ஆலயத்தில் கடை விரித்தவர்களை விரட்டிய செய்தியோடு சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அத்தி என்பது மரமல்ல, வெளிப்பகட்டு மட்டும் உள்ள மதத் தலைவர்கள் என்று படித்தவர்கள் பொருள் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தச் சாபம் யாருக்கு அளவெடுத்துத் தைத்த அங்கி? யார் மேல் கொண்டுபோய்ப் போர்த்தினார்கள்? கடையில் வாங்கிய வெங்காயத்தை ஆண்டவர் முன் விளைச்சல் என்று வைத்த கூட்டத்தில், சபிக்க ஆள் தேடி, உள்ளதைக் கொண்டுவந்த ஒருத்தியைக் கண்டுபிடித்தார்களே.

6

இங்கே ஜெயமணியை ஜெபக் கூடத்தில் எழுந்து நிற்க வைத்து ஒரு காட்சி எழுதினேன். அவள் நிமிர்ந்து, “அது காலமே இல்லையே ஐயா, மரம் என்ன செய்யும்?” என்று கேட்கிறாள். கூட்டம் வாயடைத்துப் போகிறது. உபதேசியாரின் கை நடுங்குகிறது. எழுதும்போது எனக்கே புல்லரித்தது.

அலமுவிடம் காட்டினேன்.

“நஹி நஹி, அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவ ஒக்காந்துதான் இருந்தா. சாப்பாட்டுக்கு எல போட்டாங்க, சாப்புடல. வீட்டுக்குப் போயிட்டா. நீங்க சினிமாவுக்கு எழுதுறீங்களா டீச்சர்?”

கிழித்துவிட்டேன். அவளுக்கு மேடை போட்டுக் கொடுத்து என் கோபத்தைத் தணித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். நாற்பது பேர் திரும்பிப் பார்க்கும்போது யாருக்கும் வாய் வராது. எனக்கும் வராது. உங்களுக்கும்

[சரி, விடுங்கள்.]

7

அவள் பேசியது ஜெட்டியில். கப்பல் கட்டியிருக்கிறது. தகரப் பெட்டியோடு ஜெயமணி, பயணச்சீட்டோடு நாகமுத்து, வழியனுப்ப வந்த அலமு. மழை இருந்தது. [இருந்தது, அதனால் எழுதுகிறேன்.]

“அண்ணன் வீட்ல கொஞ்ச நாள் இரு. மனசு ஆறட்டும். அப்புறம் நானே கூப்பிடுறேன்” என்றான்.

“எப்ப?”

“கூப்பிடுறேன்ல.”

“டாக்டர் நம்ம ரெண்டு பேரையும்தான் பிளேயர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாரு. நான் போயி எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு வந்தேன். என்கிட்ட குறை இல்லன்னாரு. நீங்க போகல.”

“அத இங்க பேசாத. ஜெட்டில நாலு பேரு நிக்கிறான்.”

“சர்ச்ல அத்தன பேரு இருந்தாங்க. அங்க அந்த ஐயாவ என்னப் பத்திப் பேசவிட்டுட்டுத் தரையப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

கப்பலில் ஏறப் போட்ட பலகைக்குப் பக்கத்தில் நின்ற கலாசி, “ஜானா ஹை கி நஹி?” என்று கத்தினான். போகிறீர்களா இல்லையா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பலகையை எடுக்க வேண்டும்.

ஜெயமணி பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். “நான் போகல. நர்சரில என் பேருக்கு வேல இருக்கு. லைன்ல உங்ககூட இருக்கக் கூடாதுன்னா அலமுக்கா வீட்டுத் தாவாரத்துல இருப்பேன். போறதுன்னா நீங்க போங்க. பிளேயர்ல எறங்கி டாக்டரப் பாருங்க, இல்ல மெயின்லேண்டே போங்க. டிக்கெட்டு ஒங்க கைலதான இருக்கு.”

“அவன் என்ன செஞ்சான்?” என்று அலமுவைக் கேட்டேன்.

“நின்னான். பலகைய எடுத்துட்டாங்க. கப்பல் போயிருச்சு. அப்பவும் நின்னான். அப்புறம் பெட்டியத் தூக்க வந்தான், அவ குடுக்கல. அவளே தூக்கிக்கிட்டு நடந்தா.”

8

செயலாளர் வந்து இதைப் படித்தார். நடுவில் ஓரிரு இடங்களில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கி பற்றிய வரியை மட்டும் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டார், முடியாது என்றேன், சரி என்றார். எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

“எல்லாம் சரி டீச்சர். அப்புறம் அந்தப் பொண்ணுக்குக் குழந்த பொறந்துச்சா?”

நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. அவரே இப்படிக் கேட்கிறார்.

எனக்குத் தெரியும். அலமுவுக்கும் தெரியும். நாகமுத்து ஆஸ்பத்திரிக்குப் போனானா, போய் என்ன சொன்னார்கள், எல்லாம் தெரியும். சொல்ல மாட்டேன். பிறந்தது என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவீர்கள்: மரம் காய்த்துவிட்டது, வெட்ட வேண்டாம். பிறக்கவில்லை என்று எழுதினால் ஐயோ பாவம் என்பீர்கள். இரண்டுமே அந்த உபதேசியாரின் பிரசங்கம்தான். குரல் மட்டும் உங்களுடையது. அதற்காகவா நான் இவ்வளவு தூரம் எழுதினேன்?

முடிவு என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. ஏதாவது ஒரு கல்யாண வீட்டில், கல்யாணமாகி இரண்டு மூன்று வருடமான ஒரு பெண் சிரித்துக்கொண்டே உங்கள் எதிரில் வந்து நிற்பாள். உங்கள் கண் அவள் வயிற்றுக்குப் போய்விட்டு முகத்துக்கு வரும். ‘அப்புறம், விசேஷம் ஏதும் உண்டா’ என்று வாயெடுப்பீர்கள்.

அங்கே முடியட்டும் இந்தக் கதை. கேட்டீர்களா, வாயை மூடிக்கொண்டீர்களா என்று அந்தப் பெண் எனக்குச் சொல்வாள்.