பௌனா கண்டா

ஸ்ரீநிவாஸ் ஒரு காரியத்தில் இறங்கினால் முதல் வேலையாக அதற்கென்று ஒரு நோட்டு வாங்கிவிடுவான். கல்யாணத்துக்கு ஒரு நோட்டு, குழந்தை பிறந்தபோது ஒரு நோட்டு, இப்போது வீடு மாறுவதற்கு ஒரு நோட்டு. நீல அட்டை போட்ட இந்த மூன்றாவது நோட்டில் தில்லியின் பதினோரு இடங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம் போட்டிருந்தான். ஒரு கட்டத்தில், அங்கிருந்து நொய்டாவில் இருக்கும் அவனுடைய அலுவலகத்துக்குப் போக ஆகும் நேரம். இன்னொன்றில், குர்கானில் இருக்கும் அவன் மனைவி அபிராமியின் அலுவலகத்துக்கு ஆகும் நேரம். பதினோரு பெயரையும் சிவப்பு மையால் அடித்துத் தீர்த்திருந்தான். அந்த நோட்டைக் கண்டாலே அபிராமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. மயூர் விஹாரில் குடியேறினால் அவனுக்கு அலுவலகம் கூப்பிடு தூரம், அவளுக்கு வனவாசம். குர்கானுக்கே போய்விட்டால் அப்படியே தலைகீழ். முனிர்காவில் பார்த்த இரண்டு வீடுகளிலும் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்துவிடும் போலிருந்தது. ஆர்.கே. புரம் சொர்க்கம்தான். மரம், நிழல், கோயில், இட்லி மாவு எல்லாம் வாசலிலேயே கிடைக்கும். ஆனால் அந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருக்க அரசாங்க உத்தியோகம் வேண்டும். தனியார் கம்பெனிக்காரர்கள் கோயிலில் சுண்டலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டவேண்டியதுதான்.

இப்போது இருக்கும் துவாரகா வீட்டை ஜூன் முப்பதாம் தேதிக்குள் காலி செய்யவேண்டும். வீட்டுக்காரரின் மகன் கனடாவிலிருந்து திரும்பி வருகிறான். அபிராமிக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. நன்றாக இருக்கட்டும் அந்தப் பிள்ளை என்று மனசார வாழ்த்தினாள். துவாரகாவிலிருந்து நொய்டாவுக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை. வாரத்தில் ஆறு நாளும், நாலு வயது ஜ்யோத்ஸ்னா எழுவதற்கு முன்பே ஸ்ரீநிவாஸ் கிளம்பிவிடுவான். இரவு எட்டரைக்கு அவன் செருப்பைக் கழற்றும்போது அவள் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து தட்டின் முன் உட்காருவான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க அபிராமிக்குத் தாங்காது.

“வீடு பெருசா சிறுசாங்கறதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல, சீனு. குழந்தை தூங்கறதுக்கு முன்னாடி நீ வீட்டுல இருக்கணும். மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும். அது எந்த ஏரியாவுல நடக்குமோ அதுதான் நம்ம ஏரியா,” என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

“அதுக்குத்தானே அபி நோட்டே போட்டிருக்கேன்,” என்றான் அவன்.

நோட்டு போட்ட லட்சணத்தைச் சொல்லவேண்டும். ஸ்ரீநிவாஸ் கைபேசி காட்டும் நேரத்தை நம்பமாட்டான். “ரயில் ஓடுற நேரத்தைத்தான் அது சொல்லும். செக்கிங் க்யூவுல நிக்கிறது, கூட்டத்துல ஏற முடியாம ஒரு ரயிலை விடுறது, இதெல்லாம் அதுக்கு என்ன தெரியும்? தினம் போற ஆளைக் கேட்கணும்” என்பது அவன் சித்தாந்தம். எனவே ஒவ்வொரு இடத்திலும் மெட்ரோ வாசலில் நின்றுகொண்டு, முதுகில் லேப்டாப் பை மாட்டியவர்களாகப் பார்த்து நிறுத்தி, “பையா, நொய்டா கித்னா டைம்?” என்று கேட்டுக் கேட்டு எழுதினான். ஐந்து வருட தில்லி வாசத்தில் இருவருக்கும் வந்திருந்தது காய்கறி இந்தி. அபிராமி அதைக் காய்கறிக் கடையோடு நிறுத்திக்கொண்டாள். ஸ்ரீநிவாஸுக்கோ தன் இந்தியின் மேல் அபார நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை காலை அபிராமியின் கம்பெனி வண்டி வரவில்லை. அலுத்துக்கொண்டே மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஈரத் தலையோடு நின்ற ஒரு பெண் போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“அரே, பௌனே நௌ பஜே தக் பஹுஞ்ச் ஜாவூங்கி. பஸ், பாஞ்ச் மினட்!”

நௌ என்றால் ஒன்பது என்று அபிராமிக்குத் தெரியும். பௌனே என்றால் முக்கால் என்று ஸ்ரீநிவாஸ் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆக, ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுகிறேன் என்கிறாள். இன்னும் ஐந்தே நிமிஷம் என்றும் சொல்கிறாள். அபிராமி மணியைப் பார்த்தாள். எட்டு நாற்பது. பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷம், ஸ்ரீநிவாஸ் சொல்லிக்கொடுத்த கணக்கின் மேலேயே சந்தேகம் வந்தது. அந்தப் பெண் போனை வைக்கும்வரை காத்திருந்து, “பௌனே நௌ... மத்லப்?” என்று கேட்டாள்.

அவள் சிரித்துக்கொண்டே தன் கைக்கடிகாரத்தில் விரலை வைத்துக் காட்டினாள். எட்டே முக்கால். ஒன்பதுக்குக் கால் மணி குறைவு. “சவா மத்லப் ஜ்யாதா, பௌனே மத்லப் கம்,” என்றாள். சவா என்றால் கால் கூட, பௌனே என்றால் கால் குறைய.

“அப்போ... பௌனா கண்டா?” கண்டா என்றால் மணி நேரம் என்பது அபிராமிக்குத் தெரியும்.

“பைந்தாலீஸ் மினட்.”

நாற்பத்தைந்து நிமிஷம்! நோட்டில் ஏழாவதாக இருந்த சிராக் தில்லி அபிராமியின் கண்முன் வந்து நின்றது. இரண்டு கட்டத்திலும் ஒரே எண், ஒன்றே முக்கால் மணி. கைபேசி முக்கால் மணிதான் காட்டுகிறதே என்று அவள் அப்போதே கேட்டாள். “மிச்ச ஒரு மணி நேரம் சந்துல போயிடும் அபி, அந்த ஊரே சந்துதான்,” என்று அடித்துச் சொன்னான் மகானுபாவன்.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். “சீனு, சிராக் தில்லியில நீ கேட்ட ஆளு என்ன சொன்னான்? அவன் வாயில வந்த வார்த்தையை அப்படியே சொல்லு.”

“பௌனா கண்டான்னான். நொய்டாவுக்கும் பௌனா கண்டா, குர்கானுக்கும் பௌனா கண்டா. அதான் அடிச்சுட்டேனே.”

“பௌனா கண்டான்னா எவ்வளவு?”

“ஒண்ணே முக்கால் மணி. சவா கண்டான்னா ஒண்ணேகால், இல்லையா? அப்ப பௌனா கண்டான்னா ஒண்ணே முக்கால். சிம்பிள் லாஜிக்.”

“வெறும் முக்கால், சீனு! வெறும் முக்கால்!”

பெண்கள் பெட்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எதிர்முனையில் “அப்ப அந்த ஆன்ட்டி...” என்று இழுத்தான் ஸ்ரீநிவாஸ்.

அது வேறு கதை. இரண்டு வாரத்துக்கு முன் சிராக் தில்லியில் வீடு பார்க்கப் போனபோது, வீட்டுக்கார சைனி ஆன்ட்டி அவனைப் ‘பௌனே க்யாரா’வுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவன் பதினொன்றே முக்காலுக்குக் கச்சிதமாகப் போய் நின்றான். பத்தே முக்காலிலிருந்து சாவியோடு உட்கார்ந்திருந்த அந்தம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். சொன்ன நேரத்துக்குப் போனவனை யாராவது திட்டுவார்களா? திரும்பி வந்து, ‘வீட்டுக்காரம்மா சண்டைக்காரி’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டான்.

“முதல்ல அந்தம்மாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளு. வீடு இன்னும் இருக்கான்னு கேளு. ஓடு!” என்றாள் அபிராமி, ஏதோ அவன் எதிரில் நிற்பதுபோல.

பத்து நிமிஷத்தில் அவன் கூப்பிட்டான். குரலில் படபடப்பு. “வீடு இருக்கு அபி! ஆனா இன்னிக்கு ஏழு மணிக்கு வேற பார்ட்டி வருதாம், ஆன்ட்டி அவங்களுக்கே குடுத்துடலாம்னு இருக்காங்க. பௌனே சாத்துக்குள்ள நாம நேர்ல வந்து பார்த்துச் சரின்னு சொன்னா நமக்காம்.”

“பௌனே சாத்துன்னா எத்தனை மணி?”

“ஆறே முக்கால்,” என்றான் பவ்யமாக. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

“சரி, கேட்டுக்கோ. ரெண்டு பேரும் கரெக்டா ஆறு மணிக்கு ஆபீஸை விட்டு வெளிய வருவோம். ஒரு நிமிஷம்கூட முன்னாடி கிடையாது. ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர முடிஞ்சா அதுதான் நம்ம வீடு. முடியலேன்னா அந்த ஏரியாவே வேண்டாம்.”

சொல்லிவிட்டாளே தவிர, நாள் பூராவும் தன் வாயைத் தானே நொந்துகொண்டாள். ஐந்தரைக்கே கிளம்பினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. இன்றைக்கு ஏமாற்றி வீட்டைப் பிடித்துவிட்டு, நாளை முதல் தினமும் குழந்தை தூங்கிய பிறகு வந்து நின்றால் யாருக்கு என்ன லாபம்? துவாரகாவில் அடுத்த வீட்டு ஸ்வப்னாவுக்குப் போன் செய்து, குழந்தையைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு லிஃப்ட் வாசலில் பையோடு நின்றாள். கடிகாரம் ஆறு காட்டியதும் வெளியே பாய்ந்தாள்.

சிக்கந்தர்பூர் ஸ்டேஷனில் செக்கிங் க்யூ வாசலுக்கு வெளியே நீண்டிருந்தது. நல்லவேளை, பெண்கள் வரிசையில் ஐந்தே பேர். ஆறு ஏழுக்கு ரயிலில் ஏறிவிட்டாள். ஸ்ரீநிவாஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் செய்தி அனுப்பினான். ‘பொட்டானிக்கல் கார்டன். ஏறிட்டேன்.’ ‘காளிந்தி குஞ்ச்.’ ‘ஜாமியா. நீ எங்க?’ ‘சாகேத்’ என்று பதில் போட்டாள். எதிரெதிர் திசையிலிருந்து இரண்டு பேரும் ஒரே புள்ளியை நோக்கி வந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஹோஸ் காஸில் இறங்கி ரயில் மாறவேண்டும். பாதாளத்துக்குப் போகும் எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டு, “பையா, ஜல்தி, ஜல்தி” என்று தடதடவென்று இறங்கினாள். கதவு மூடுகிற சமயம் உள்ளே விழுந்தாள். அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன் சிராக் தில்லி.

வெளியேறும் கதவருகே ஸ்ரீநிவாஸ் நின்றுகொண்டிருந்தான். சட்டை பாதி வெளியே, நெற்றியெல்லாம் வேர்வை, முகம் மட்டும் பரீட்சையில் தேறியவன் மாதிரி.

“ஆறு முப்பத்தொன்பது,” என்றான்.

“பேசாத. ஓடு.”

ஓடினார்கள். பெரிய சாலையைத் தாண்டியதும் பழைய ஊருக்குள் சந்து தொடங்கிவிட்டது. சந்தைப் பற்றி ஸ்ரீநிவாஸ் சொன்னது பொய்யில்லை. தலைக்கு மேல் வயர்கள், காலடியில் ஸ்கூட்டர்கள், நடுவில் ஒரு இ-ரிக்‌ஷாவும் ஒரு தண்ணீர் கேன் வண்டியும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு டிரைவர்களும் இறங்கி நின்று ஒருவர் குடும்பத்தை மற்றவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிவுக்கு வரும்வரை எல்லாம் காத்திருக்க முடியாது. அபிராமி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு வண்டிக்கும் நடுவில் நுழைந்து அந்தப் பக்கம் போனாள். ஸ்ரீநிவாஸ் லேப்டாப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்தான்.

சைனி ஆன்ட்டி வாசலில் பிரம்பு மோடா போட்டு உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்தாள், எழுந்து உள்ளே எட்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பத்து நான்கு. “அச்சா! இந்தத் தடவை பௌனே புரிந்துவிட்டதா?” என்று இந்தியில் கேட்டுவிட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். சண்டைக்காரியாவது ஒன்றாவது, தங்கமான மனுஷி.

மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, மொட்டைமாடி முழுவதும் இவர்களுக்கு. மேற்கே பார்த்த ஜன்னல் வழியாக ஜூன் மாதத்து வெயில் இன்னும் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. கோடையில் வேகும், அது தெரிந்த விஷயம். அபிராமி குழாயைத் திருகினாள், தண்ணீர் வந்தது. அவளுக்கு அது போதும். “பக்கா, ஆன்ட்டி. ஹமே பசந்த் ஹை,” என்று பிடித்திருப்பதைச் சொல்லிவிட்டாள். ஸ்ரீநிவாஸ் ஏதோ இந்தியில் சேர்க்க வாயெடுத்தான். அவன் கையில் கிள்ளினாள். ஏழு மணி பார்ட்டியை வரவேண்டாம் என்று சொல்ல ஆன்ட்டி கீழே இறங்கிப் போனாள்.

இருவரும் வெறும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். மூச்சு இன்னும் வாங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தார்கள். மணி ஏழுகூட ஆகவில்லை, வேலை நாள், இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குள் இருக்கிறார்கள். என்ன செய்வதென்றே தெரியவில்லை.

“குட்டிக்கு வீட்டைக் காட்டலாமா?” என்றான் ஸ்ரீநிவாஸ்.

ஸ்வப்னாவுக்கு வீடியோ கால் போட்டாள் அபிராமி. திரை நிறைய ஜ்யோத்ஸ்னாவின் முகம், வாயைச் சுற்றி மாம்பழம். அம்மாவைப் பார்த்து ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். அபிராமி போனை ஸ்ரீநிவாஸ் பக்கம் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் பளிச்சென்று விழுந்திருந்தது. குழந்தை மாம்பழத்தைச் சப்புவதை நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னாலிருந்த வெயிலைப் பார்த்தாள்.

“அப்பா! ஆஜ் சண்டே ஹை?”

ஸ்ரீநிவாஸ் போனுக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, “இல்லடா கண்ணு, இன்னிக்கு வெள்ளிக்கிழமை,” என்றான்.

அவள் நம்பவில்லை. திரும்பி, “ஸ்வப்னா ஆன்ட்டி, அப்பா ஜூட் போல்றாங்க. சண்டேதான்,” என்று, அப்பா பொய் சொல்வதாகப் புகார் சொன்னாள். பிறகு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, “நாளைக்கு?” என்று கேட்டாள்.

“நாளைக்கும் அப்பா ஆபீஸ் போவேன்,” என்றவன், முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். “ஆனா ஒண்ணாம் தேதியிலேருந்து தினமும் நீ சாப்பிடறதுக்கு முன்னாடி வந்துடுவேன்.”

“தினமும்னா? மண்டே?”

“மண்டேயும்.”

“ட்யூஸ்டே?”

அவள் ஒவ்வொரு நாளாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஸ்ரீநிவாஸ் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றான். அபிராமி போனை இரண்டு கையாலும் அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.