உடல்நிலை காரணமாக

எங்கள் செட்டில் எல்லோருமே மந்திரிகள்.

கடலூர் முதுநகர் ரயிலடிக்குப் பின்னால் ஒரு தனியார் கோடவுன். வேகனில் வருகிற உர மூட்டையை இறக்கி அடுக்குவதும், அடுக்கியதை மறுபடி லாரியில் ஏற்றுவதும் எங்கள் பிழைப்பு. இரண்டாயிரத்து நாலில் தில்லியில் புது ஆட்சி வந்தபோது, எதிர் டீக்கடையில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன இலாகா என்று பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தேன். "நமக்கும் ஆளுக்கு ஒன்னு குடுத்தா இன்னா?" என்றான் காத்தவராயன். டீ ஆறுவதற்குள் அமைச்சரவை அமைந்துவிட்டது.

மேஸ்திரி லூர்துசாமி அண்ணன் பிரதமர். கழற்றிப் போட்ட சட்டைகளையும் சோற்று டப்பாக்களையும் நாயிடமிருந்து காப்பாற்றுகிற காத்தவராயனுக்கு உள்துறை. குவைத்துக்குப் போய்விட்டு வந்த அன்பரசுக்கு வெளியுறவு. எனக்குச் செய்தித்துறை. நான் அறிவொளி வகுப்பில், பெண்டாட்டி ஞானாம்பாளோடு ஒரே பாயில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவன். சின்னப் பையன்கள் சினிமாப் பக்கத்தோடு பேப்பரை மடித்துவிடுவார்கள். கடைசி வரி வரைக்கும் விரலை வைத்துப் படிக்கிற பொறுமை எனக்குத்தான் இருந்தது.

மந்திரி என்று ஆனபின் ராஜினாமா இல்லாமல் முடியுமா? யாருக்காவது மனசு கோணினால் டீக்கடை முன்னால் நின்று, "நான் ராஜினாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். காரணத்தைச் சொல்ல வேண்டும், அது சட்டம். மறுநாள் இரண்டு பேர் போய்ச் சமாதானம் பேசுவார்கள். என்ன கேட்கிறானோ அதில் பாதியாவது கொடுத்து அழைத்து வருவார்கள். காத்தவராயன் ஒருமுறை அவனுடைய கருவாட்டுக் குழம்பை நாய் நக்கியதற்கு நாங்கள் சிரித்தோம் என்று பதவி விலகினான். ஒரு வாரம் முதல் டம்ளர் டீ அவனுக்கே என்று ஒப்பந்தம் போட்டுத்தான் திரும்பக் கொண்டுவந்தோம்.

தில்லியில் எவராவது ராஜினாமா செய்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. நான் செய்தியைப் படிப்பேன், பிறகு விளக்கவுரையும் சொல்வேன். "கட்சிப் பணி ஆற்ற விரும்பி" என்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். "தார்மீகப் பொறுப்பேற்று" என்றால் எவனோ தின்றதற்கு இவன் ஏப்பம் விடுகிறான். அந்தக் காலத்தில் அரியலூரில் ரயில் ஆற்றில் விழுந்ததற்காக ஒரு ரயில்வே மந்திரி விலகினாரே, அது ஒன்றுதான் நிஜ ராஜினாமா என்பது லூர்துசாமி அண்ணன் கட்சி. மற்றதெல்லாம் அவருக்கும் பொய்தான்.

அதிலும் பெரிய பொய் "உடல்நிலை காரணமாக" என்பது. "உடம்பு சரியில்லாதவன் எவனாவது நாற்காலிய வுடுவானா? உடம்பு சரியில்லன்னாத்தான்டா நாற்காலியே வேணும்!" என்பேன். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஆட்கள் புதிதாகக் கேட்பது போல் சிரிப்பார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஒரு வடக்கத்தி மந்திரி, முதுகுத்தண்டு சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று பதவியை விட்டார். "முதுகெலும்புன்னு ஒன்னு இருந்தாத்தானே வலிக்கும்?" என்றேன். டீக்கடைக்காரரே சிரித்து எனக்கு ஒரு போண்டா இனாமாகக் கொடுத்தார்.

அந்தப் போண்டா செரித்து ஒரு மாசம் கூட ஆகியிருக்காது. லாரிக்குச் சாத்திய பலகையில் மூட்டையோடு ஏறும்போது என் இடுப்பில் எதுவோ சுள்ளென்று கழன்றது. கால் கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் ஓடிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு அன்றைய லோடை முடித்தேன். மறுநாள் எழுந்திருக்க ஞானாம்பாள் கை கொடுக்க வேண்டியிருந்தது. தைலம் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள், கடைசியில் திட்டி பஸ் ஏற்றிச் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இனிமே நீங்க மூட்டை தூக்குனா, அப்புறம் உங்கள நாலு பேர் தூக்கணும்" என்றார்.

திரும்பும்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தில்லைநாதனைப் பார்த்தேன். அந்த ஊர் லோடு செட்டுக்கு அவர்தான் மேஸ்திரி. எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது. ஒரு முறை எங்கள் லாரியை மடக்கித் தங்கள் ஆட்களை வைத்து இறக்கியவர்கள். ஆனாலும் எதிரில் வந்த மனுஷன் "டீ சாப்புடு" என்று சொன்னால் எப்படி மாட்டேன் என்பது? குடித்தேன்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். கோடவுன் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. அதில் உட்கார்ந்து, பிய்ந்த மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைக்க ஒரு ஆள் வேண்டும். சுமக்கிறவனுக்கும் தைக்கிறவனுக்கும் கூலியில் ஒரே பங்கு. அதனால் செட்டு மொத்தமும் ஒத்துக்கொண்டால்தான் அந்த இடம் கிடைக்கும். அதில் இருந்த ராஜமாணிக்கம் மகள் வீட்டோடு வடலூர் போய்விட்டார். பெட்டி காலி. அது கிடைத்தால் கஞ்சி உண்டு. கிடைக்காவிட்டால் வேறு வேலைக்கு இந்த உடம்பை யார் கேட்பார்கள்?

மறுநாள் டீக்கடை முன்னால் போய் நின்றேன்.

"நான் ராஜினாமா."

"காரணம்?" என்றார் லூர்துசாமி அண்ணன்.

"உடம்பு முடியலண்ணே. முதுகு."

கடையே சிரிப்பில் அதிர்ந்தது. அன்பரசுக்கு டீ புரையேறி மூக்கு வழியாக வந்தது. "மாமா, இன்னொரு தடவ சொல்லு மாமா!" என்று காத்தவராயன் என் தோளில் தட்டினான். தட்டிய இடத்தில் உயிர் போயிற்று.

"நெஜமாத்தான்டா. இந்தா எக்ஸ்ரே."

காத்தவராயன் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். "இது உன் முதுகுன்னு எப்படி நம்புறது?"

"ஓரத்துல பேரு இருக்கு பாரு."

"பேரு யாரு வேணா எழுதலாம் மாமா. எலும்புல மூஞ்சி தெரியுதா?"

பிரதமர் சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது. "கொளஞ்சி, வெளையாட்டுன்னா வெளையாட்டா இருக்கணும். நெசமான காரணம் இன்னா?"

அப்போது வெளியுறவு மந்திரி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நான் சொல்றேண்ணே. நேத்து கல்யாணத்துக்குப் போயிட்டு வரச்ச சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். தில்லைநாதன் கூட நின்னு மாமா டீ குடிச்சிக்கினு இருந்தாரு. காசு கூட தில்லைநாதன்தான் குடுத்தாரு."

காத்தவராயன் எக்ஸ்ரேயை என் கையிலேயே திருப்பித் திணித்தான்.

"கட்சி மாறுறியா?" என்றார் லூர்துசாமி அண்ணன்.

"ஐயோ, ஆஸ்பத்திரிக்குப் போனேண்ணே!"

"ஆஸ்பத்திரியில எதுக்குய்யா தில்லைநாதன்?"

நான் என்ன சொன்னாலும் அது இன்னொரு ஓட்டையாக ஆனது. ஆறு வருஷமாக அவர்களுக்கு ராஜினாமாவைப் பிரித்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. நன்றாகத்தான் கற்றிருந்தார்கள்.

சட்டப்படி மறுநாள் சமாதானக் குழு வீட்டுக்கு வந்தது. லூர்துசாமி அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு முன்னால் வந்தார், காத்தவராயன் பின்னால். நான் சுவரோடு சாய்த்துவைத்த கோணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஞானாம்பாள் தைலப் புட்டியை அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி நடுவில் வைத்தாள்.

"உன்ன துணைப் பிரதமர் ஆக்குறேன், வந்துடு" என்றார் லூர்துசாமி அண்ணன்.

"துணைப் பிரதமரு மூட்டை தூக்கணுமாண்ணே?"

"மூட்டை எல்லாரும்தான்யா தூக்கணும். பதவி வேற, மூட்டை வேற."

"அந்தத் தையல் பெட்டிய எனக்குக் குடுத்தீங்கன்னா..."

அண்ணன் தலையை ஆட்டினார். "கேக்குறாங்கய்யா மத்தவனுங்க. தில்லைநாதன்கிட்ட பேரம் பேசிட்டு வந்தவனுக்கு உக்காந்த எடத்துல பங்கான்னு. உன் மனசுல இருக்குறத சொல்லு, முடிச்சிடலாம். முதுகு முதுகுங்காத."

"அக்கா, நீயாவது சொல்லு. மாமாவுக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டான் காத்தவராயன். வாழைப்பழத்தில் ஒன்றை அவனே உரித்துத் தின்றான்.

அவர்கள் போனதும் ஞானாம்பாள் கதவைச் சாத்தினாள். "ஏங்க, நெசத்த சொன்னா நம்ப மாட்டேங்குறானுங்க. பொய்ய சொன்னாத்தான் நம்புவானுங்கன்னா, நல்லதா ஒன்ன பாத்து சொல்லிட்டுப் போங்களேன். வாயி வலிக்குதா? முதுகுதானே வலிக்குது."

படுத்துக்கொண்டே நல்ல பொய்யாகத் தேடினேன். பணத்துக்காக என்றால் கேவலம். ஜாதி என்றால் வம்பு. எங்கள் ஆட்கள் எதைக் கேட்டால் உடனே தலையாட்டுவார்கள்? நினைக்க நினைக்க ஆயுத பூஜை ஞாபகம் வந்தது.

ஆயுத பூஜையன்று எங்கள் மூட்டைக் கொக்கிகளையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் பரப்புவோம். கடைசியில் கோடவுன் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது. அதை உடைக்கிறவனுக்குத்தான் அந்த வருஷ மரியாதை. லூர்துசாமி அண்ணன் மாதா கோயிலுக்குப் போகிறவர். இருந்தாலும் பூசணிக்காயைக் கையில் எடுத்துக் கொடுக்கிற உரிமை மேஸ்திரிக்குத்தான். போன வருஷம் காத்தவராயனிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நான் அன்றைக்குப் பொங்கல் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் போய் நின்றேன். குரலைக் கொஞ்சம் உடைத்துக்கொண்டேன்.

"சொல்ல வேணாம்னு பாத்தேன். கேக்குறதால சொல்றேன். செட்டுல உங்களுக்கு அடுத்து நான்தான் மூத்தவன். போன வருசம் பூசணிக்காய எனக்குக் குடுக்காம, நேத்து வந்த இவன்கிட்ட குடுத்தீங்க. அன்னைக்கே என் மனசு வுட்டுப்போச்சு."

கூட்டத்திலிருந்து 'அப்பாடா' என்று ஒரு பெருமூச்சு கிளம்பிற்று. எல்லார் முகத்திலும் வெளிச்சம்.

"இதான் விசயமா!" என்றான் அன்பரசு. "நான்தான் அப்பவே நெனச்சேன். அன்னைக்கி மாமா பொங்கல் துன்ன மொகமே சரியில்ல."

காத்தவராயன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "எனக்கே உறுத்திச்சி மாமா. சத்தியமா. மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? முதுகு கிதுகுன்னுகினு!"

"தப்பு எம்மேலதான்" என்று லூர்துசாமி அண்ணன் மார்பில் கை வைத்தார். "இன்னா வேணும், கேளு."

"மனசு நொந்தவன் அலைய முடியாதுண்ணே. அந்தத் தையல் பெட்டியில கொஞ்ச நாளு உக்காந்துக்குறேன்."

"உக்காரு! யாருடா வேணாங்குறது?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தில்லைநாதனோடு குடித்த டீ கூட மறந்துபோயிற்று. மனசு நொந்தவன் எங்கே வேண்டுமானாலும் டீ குடிப்பான் என்று அன்பரசே விளக்கம் சொன்னான். நான் மெல்லப் போய்ப் பெட்டியில் உட்கார்ந்து ஊசியில் சணலைக் கோத்தேன். வேப்பங்காற்று அடித்தது. இரண்டு மாசம் ராஜாவாக இருந்தேன். வலிகூடக் கொஞ்சம் அடங்கிற்று.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

காத்தவராயன் எனக்குச் செய்த குறைக்குப் பரிகாரமாகக் குறிஞ்சிப்பாடிச் சந்தைக்குப் போய், அங்கே இருந்ததிலேயே பெரிய பூசணிக்காயாகப் பார்த்து வாங்கி, ஆட்டோவில் வைத்து மேளம் அடித்துக் கொண்டுவந்தான். இறக்குவதற்கே இரண்டு பேர். சாம்பல் பூத்து, மூன்று வயசுப் பிள்ளை மாதிரி இருந்தது. மேலே ஓட்டை போட்டுக் குங்குமமும் சில்லறையும் போட்டார்கள். லூர்துசாமி அண்ணன் என் கழுத்தில் மாலை போட்டார்.

"மூணு சுத்து சுத்தி, தலைக்கு மேல தூக்கிப் போடு மாமா! ரோடு அதிரணும்!" என்று காத்தவராயன் கத்தினான்.

கூட்டத்தில் நின்ற ஞானாம்பாளைப் பார்த்தேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். முடியாது என்றால் பூசணிக்காய் பொய். பூசணிக்காய் பொய் என்றால் பெட்டி போயிற்று. தூக்கினால் டாக்டர் சொன்ன நாலு பேர்.

குனிந்து அணைத்துத் தூக்கினேன். முட்டி வரைக்கும் வந்தது. இடுப்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நான் வரவில்லை. அதே சுள். கை தானாக விட்டுவிட்டது. பூசணிக்காய் என் காலடியில் விழுந்து நாலாகப் பிளந்தது. குங்குமம் சிதறி, சில்லறை ரோடெல்லாம் ஓடிற்று. "ஓ!" என்று கூச்சல் போட்டுக்கொண்டு அமைச்சரவை மொத்தமும் காசு பொறுக்கக் குனிந்தது. நானும் குனிந்தேதான் நின்றேன். அவர்கள் நிமிர்ந்தார்கள், நான் நிமிரவில்லை.

"மாமா மண்ணத் தொட்டுக் கும்புடுறாரு பாரு. இதான் பெரிய மனுசன்!" என்றான் காத்தவராயன்.

லூர்துசாமி அண்ணன் மட்டும் பக்கத்தில் வந்து, மாலையைச் சரி செய்கிற சாக்கில் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"கொளஞ்சி... நெசமாவேவா?"

"நெசந்தாண்ணே."

"அட கர்த்தரே. அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொன்னேண்ணே."

அவர் என் அக்குளில் கை கொடுத்து, மரியாதை செய்கிற மாதிரியே மெதுவாக நடத்திக் கொண்டுபோய்ப் பெட்டியில் உட்கார வைத்தார். காதோரம் குனிந்து, "பெட்டி உனக்குத்தான், சாவுற வரைக்கும். ஆனா இவனுங்களுக்குப் பூசணிக்காயாவே இருக்கட்டும். முதுகுன்னு சொன்னா மறுபடி கலாட்டா ஆயிடும்" என்றார்.

அதற்கப்புறம் ஒரு நாள் பேப்பரில் அந்த வடக்கத்தி மந்திரியின் படம் வந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் ஆபரேஷன் ஆகி ஊர் திரும்பியிருக்கிறாராம். பெட்டியில் உட்கார்ந்தபடி விரல் வைத்துப் படித்தேன். எல்லோரும் என் விளக்கவுரைக்காக வாயைப் பார்த்தார்கள். நான் பேப்பரை மடித்தேன்.

"சக்கர நாற்காலி வேற! இன்னா நடிப்பு!" என்று காத்தவராயன் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தான்.

"பாவம்டா. முதுகு வலி லேசுப்பட்டது இல்ல" என்றார் லூர்துசாமி அண்ணன்.

எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரதமர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு லாரிப் பக்கம் போனார். காத்தவராயன் என் காதருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"மாமா, அண்ணனுக்கும் தில்லைநாதனுக்கும் இன்னாவோ பேச்சு நடக்குது இல்ல?"