தெற்குக் கதவின் சாக்கு

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டின் கூரை விழுந்த மூன்றாம் நாள் காலையில், திரீக்கா தெற்குக் கதவின் அடியில் கிடந்த கோணிச்சாக்கை வாளியில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தபோது கெர்சன் கையில் ஒரு தாளுடன் உள்ளே வந்தான். அவள் கணவனின் தம்பி. பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுற்றுலாத் தகவல் அறையைப் பார்த்துக்கொள்பவன். அவன் அங்கே உட்கார்ந்து ஆட்களைச் சேர்ப்பான், அவள் கூட்டிப்போய் ஊரைக் காட்டுவாள். எட்டு வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

தாளை மேசைமேல் விரித்தான். எங்கள் ஊரில் பார்க்கவும் செய்யவும் என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரிகள். ஸ்டேஷன் மாஸ்டர் வீடு என்ற முதல் வரியை அடித்திருந்தான்.

“படிங்க அண்ணி.”

“நான் எழுதினதுதானே.”

“இப்பப் படிங்க. மிச்சம் என்ன இருக்கு? மியூசியம்னு ஒத்தை அறை. அதுல ஒரு தையல் மெஷினு, ரெண்டு தொப்பி. அப்புறம் சர்ச். தொட்டியில குதிரைங்க தண்ணி குடிக்கிறது. குன்றுமேல நின்னா சூரியன் மறையுறது. சூரியன் எல்லா ஊர்லயும்தான் மறையுது அண்ணி.”

“நம்மளுது காட்டுக் குதிரைடா.”

“தண்ணி குடிக்கிறப்ப எல்லாக் குதிரைக்கும் ஒரே மூஞ்சிதான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. நமீபியாவின் இந்தக் கோடிக்கு ஆட்கள் வந்ததெல்லாம் மணல் நிறைந்த அந்த வீட்டைப் பார்க்கத்தான். நீலச் சுவர்களுக்கு நடுவே இடுப்பளவு மணல், அதில் பாதி புதைந்த ஒரு கதவு. திரீக்கா அவர்களை வாசற்படியிலேயே நிறுத்திவிடுவாள். மணலில் கால் வைக்கக் கூடாது. அலைபோல் வரிவரியாய்க் காற்று போட்டுவைத்திருக்கும் கோலத்தில் ஒரு தடம் விழுந்தால், அடுத்த காற்றுவரை அது அப்படியே கிடக்கும். கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்கள், இங்கே யார் குடியிருந்தது என்று. ஸ்டேஷன் மாஸ்டர் என்பதற்குமேல் யாருக்குத் தெரியும்! ரயிலில் ஒரு பியானோ வரப்போகிறதென்று தினமும் தண்டவாளத்தைப் பார்த்து நின்ற ஒரு மனைவியை அவளாகவே உண்டாக்கி வைத்திருந்தாள். பியானோ வரவேயில்லை என்று முடிக்கும்போது பாதிப் பேருக்குக் கண் நிறைந்துவிடும். அந்தப் பொய்க்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

கெர்சன் தேநீரைக் குடித்து முடித்தான். பிறகும் குவளையைக் கீழே வைக்கவில்லை.

“நகராட்சியில பேசிட்டேன். மணலை நிரப்பிக் காட்டறதுக்கு இந்த வரிசையில சுவர், கூரை எல்லாம் உருப்படியா நிக்கிறது உங்க வீடு ஒண்ணுதான். மேட்டுத்தெருவுல உங்களுக்குப் புது வீடு தர்றாங்க. குழாய் வீட்டுக்குள்ளயே வரும். பஸ்காரங்களும் ஒரு வருஷம் பொறுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல நிக்காமப் போயிடுவாங்க. அப்புறம் எனக்கும் வேலையில்ல, உங்களுக்கும் வேலையில்ல.” தலையைக் குனிந்துகொண்டான். “சாக்கை எடுத்துட்டாப் போதும் அண்ணி. மிச்சத்தைக் காத்து பாத்துக்கும்.”

அந்த ஊரில் அதை யாரும் லேசாகச் சொல்லிவிட மாட்டார்கள். மணல் வருவது தெற்கிலிருந்து. தெற்குக் கதவின் அடியில் ஈரச்சாக்கு கிடக்கும்வரை வீடு வீடாக இருக்கும். ஒரு வீட்டைவிட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள் கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கடைசியாகத்தான் சாக்கை எடுப்பார்கள். யாராவது திரும்பி வரவேண்டியிருந்தால் எடுக்க மாட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தாலும், அந்த வழியாகப் போகிற யாராவது அதில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள்.

அவள் கணவன் பிலிப்பஸ் வரவேண்டியிருந்தது. துறைமுகத்திலிருந்து பதினோரு பேரோடு மீன்பிடிக்கப் போன படகு அவனுடையது. போய் மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. ஒரு மிதவை மட்டும் கரை ஒதுங்கியது. தேவாலயத்தில் நினைவுப் பிரார்த்தனை வைத்தார்கள். திரீக்கா போனாள், எல்லோருடனும் சேர்ந்து பாடினாள், வீட்டுக்கு வந்து சாக்கை நனைத்துப் போட்டாள். ஒவ்வொரு முறை கடலிலிருந்து வரும்போதும் அவன் பையை இறக்குவதற்கு முன்பே சன்னல் விளிம்பில் ஒரு விரலை இழுத்து, நுனியை உற்றுப் பார்த்து, “என்னம்மா, உங்க ஓட்டல்ல சுத்தம் சரியில்லையே” என்பான். அவள் கையில் இருக்கும் துணியை அவன்மேல் வீசுவாள். அந்தச் சன்னல் விளிம்பை அவள் இன்றைக்கும் தினம் இரண்டு முறை துடைத்தாள்.

“உங்க அண்ணன் வந்தா எங்கடா வருவாரு?” என்று கேட்டாள்.

கெர்சன் காலிக் குவளையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினான்.

“எனக்கும் அவன் அண்ணன்தான்” என்றான். “நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப பத்து நாள் நான்தான் வந்து இதை நனைச்சேன். தினமும் இந்தத் தெருவுல வர்றப்ப நான் மொதல்ல எதைப் பாக்கறேன்னு நெனைக்கிறீங்க? உங்க கதவடியைத்தான். ஈரமா இருந்தா, சரி, இன்னிக்கும் அவனுக்காக அழக் கூடாதுன்னு போயிடுவேன். மூணு வருஷமாச்சு அண்ணி. நான் இன்னும் அழல.”

குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். தாளை எடுத்துப்போகவில்லை.

அன்றைக்கு அவள் எதையும் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. செப்டம்பரில் தெற்குக் காற்று தொடங்குவதற்குச் சற்று முன்னால், கெர்சனும் அவளும் கட்டிலையும் அடுப்பையும் மேட்டுத்தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அவனை முன்னால் போகச் சொல்லிவிட்டு, சாக்கை அவளே எடுத்தாள். ஏன் என்று தெரியவில்லை, அன்று காலையிலும் அதை நனைத்திருந்தாள். தெரு நெடுக அது சொட்டிக்கொண்டே வந்தது. எதிரே வந்த ஒரு பெண் அதைப் பார்த்ததும் ஒதுங்கி நின்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். புது வீட்டுக்குள் காற்று நுழையவில்லை. சாக்கைக் கொல்லைச் சுவரில் போட்டாள். இரண்டு நாளில் பலகைபோல் விறைத்துவிட்டது. கெர்சன் ஒரு சாயங்காலம் வந்தவன், அந்தச் சுவருக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் நின்றான். அவள் உள்ளேயே இருந்துகொண்டாள்.

பிப்ரவரியில் அந்த வீட்டைப் பார்க்க முதல் பேருந்து வந்தது. ஆறு பேர். கெர்சனும் கூடவே நடந்தான். குதிரைகளையும் தையல் மெஷினையும் பார்த்துவிட்டு திரீக்காவின் பழைய வீட்டுக்கு வந்தார்கள். புதிய தாளில் முதல் வரி மறுபடியும் நிரம்பியிருந்தது. தெற்குக் கதவு மணலின் கனத்தில் உள்பக்கமாகத் திறந்து கிடந்தது. அடுக்களை முழுக்க முழங்கால் அளவு மணல். அடுப்பு இருந்த இடத்தில் வரிவரியாக, ஒரு தடம்கூட இல்லாமல்.

“இங்கேயே நில்லுங்க, கால் வெச்சிடாதீங்க” என்றாள் திரீக்கா. வெறும் பழக்கத்தில் வந்த வார்த்தைகள்.

தொப்பி வைத்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். “ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு. யாருங்க குடியிருந்தது இங்க?”

கெர்சன் தன் ஷூக்களையே பார்த்துக்கொண்டிருந்தான். திரீக்கா அடுப்பு இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள்.

“ஒரு அம்மா இருந்தாங்க” என்று ஆரம்பித்தாள். “அவங்களுக்கு ரயில்ல ஒரு பியானோ வரவேண்டியிருந்தது.”

ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

திரீக்கா வாசலுக்குப் பக்கத்துச் சன்னலருகே போனாள். விளிம்பில் இரண்டு விரற்கடை மணல் ஏறியிருந்தது. ஒரு விரலை வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாக இழுத்தாள். நடுவில் பழைய வெள்ளைப் பூச்சு ஒரு கோடாகத் தெரிந்தது. அவள் விரல் நுனியைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள், இரண்டு பக்கத்து மணலும் சரிந்து அதை மூடத் தொடங்கியிருந்தது.